மோட்டார் வண்டிக்குச் சுருதி கூட்டுங் கருவி

வீணை வாசிக்கப் புகுவோன் முதற்கண் செய்வது யாது? தந்திகளை மெல்ல மீட்டிப் பார்த்துப் பிருடைகளைத் திருகிச் சுருதி கூட்டுதலேயன்றோ? சுருதி சேராத வீணையை எத்துணை வல்லவன் கையில் ஏந்தினும் இனிய இசை பிறவாது. அளவு கடந்து முறுக்கினாலோ தந்தி அறுந்துபோம். ஆங்கிலத்தில் இச்செயலுக்கு வழங்கும் 'டியூனிங்' என்னுஞ் சொல்லையே, மோட்டார் வண்டியின் எஞ்சினைச் செவ்வைப்படுத்தி அதன் ஆற்றலைப் பெருக்குந் தொழிலுக்கும் மேனாட்டார் வழங்கி வருகின்றனர். பெயர் மிகப் பொருத்தமானதே. தளர்ந்தால் இசையில்லை, மிக முறுக்கினால் தந்தியில்லை என்னும் நியதி வீணைக்கும் எஞ்சினுக்கும் ஒன்றேயாம்.

முற்காலத்தில் இத்தொழிலைச் செய்தவன் கையில் ஒரு திருப்புளியும், காதில் நுண்ணிய கேள்வியும் இருந்தன. கார்புரேட்டரின் திருகைச் சிறிது தளர்த்தியும், பொறி பற்றுங் காலத்தைச் சிறிது முன்தள்ளியும் அவன் எஞ்சினைச் சரிப்படுத்தினான். இக்காலத்திலோ அத்திருகுகள் மறைந்தன. அவை செய்த வேலையை வண்டியினுள் அமைந்த சிறு கணினியொன்று செய்கின்றது. ஆகவே, டியூனிங் என்பது அக்கணினியில் எழுதப்பட்டுள்ள எண்களை மாற்றி எழுதுதல் என்றாயிற்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை வண்டியிற் செருகிச் சில பொத்தான்களை அழுத்தினால், சில நிமிஷங்களில் அவ்வேலை முடிந்துவிடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வகைக் கருவிகள் பல பெயர்களோடு விற்பனையாகின்றன. அவற்றுள் எதனை வாங்குவது என்பதே விசை மிக்க வண்டிகளில் விருப்பமுடையார் பலரும் கேட்கும் கேள்வி.

அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும், அக்கேள்வி இறுதியிற் கேட்கவேண்டியதொன்று என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நலம். கருவி ஒரு பாத்திரமே. அதில் ஊற்றப்படும் பொருளே எஞ்சினை வாழ்விப்பதும் கெடுப்பதும். யார் எழுதிய எண்கள், எந்த வண்டிக்காக, எந்தப் பெட்ரோலுக்காக எழுதப்பட்டவை என்பதைத் தேர்ந்து தெளிந்த பின்னரே பாத்திரத்தைத் தேர்தல் முறையாகும். இதனை விளக்குதற்கு, இத்தொழில் அமெரிக்காவில் பெரிதும் வேரூன்றுதற்குக் காரணமான வண்டிகளுள் ஒன்றாகிய ஜப்பான் தேசத்துச் சுபாரு வண்டியை உதாரணமாகக் கொள்வோம்.

எஞ்சினை ஆளும் எண்கள்

எஞ்சினுக்கு வேண்டும் பெட்ரோலை மின்னணுச் சாதனத்தால் அளந்து ஊட்டும் முறையை ஜெர்மனி தேசத்துப் பாஷ் கம்பெனியார் 1967ஆம் ஆண்டில் டி-ஜெட்ரானிக் என்னும் பெயரால் வோக்ஸ்வாகன் வண்டியிற் புகுத்தினர். 1979இல் அவர்களே மோட்ரானிக் என்னும் அமைப்பினால், பெட்ரோல் ஊட்டுதல், பொறி பற்றுவித்தல் ஆகிய இரண்டையும் ஒரே கணினியின் ஆட்சியிற் கொணர்ந்து, பி.எம்.டபிள்யூ. வண்டியில் அமைத்தனர். அக்காலத்தில் கட்டளைகள் ஒரு சில்லிற் பதிந்திருந்தமையால், மாற்ற விரும்பியோர் பழைய சில்லைப் பெயர்த்துப் புதிய சில்லைப் பதிக்க வேண்டியிருந்தது. பின்னர், 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு காரிலும், ஓட்டுவோன் முழங்காலுக்கு அருகே 16 முனைகளையுடைய ஒரே மாதிரியான இணைப்புவாய் அமைதல் வேண்டுமென விதி செய்தனர். அதற்கு ஓ.பி.டி. இரண்டு என்று பெயர். புகையைப் பெருக்குங் குறைகளைக் கண்டறியும் பொருட்டு அமைந்த அவ்வாயே, நாளடைவில் கையடக்கக் கருவிக்கும் நுழைவாயில் ஆயிற்று.

கணினியினுள் இருப்பவை யாவை? பெரும்பாலும் அட்டவணைகளே. சிறுவர் மனனஞ் செய்யும் பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல, ஒருபுறம் எஞ்சினின் சுழற்சி வேகமும், மற்றொருபுறம் அதன்மேல் ஏறிய சுமையும் வரிசையாக நிற்க, அவ்விரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். ஓர் அட்டவணை பெட்ரோலின் அளவைக் கூறும். மற்றொன்று ஸ்பார்க் பிளக்கில் பொறி பற்றவேண்டிய கணத்தைக் கூறும். டர்போ பொருந்திய எஞ்சினாயின், இன்னொன்று காற்றை எவ்வளவு அழுத்தித் திணிக்கவேண்டும் என்பதைக் கூறும். இத்தகைய அட்டவணைகளின் தொகுதியையே 'மேப்' என்கின்றனர். எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 முறை சுழலுங்கால், ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 50 முறை தீப்பற்றுகின்றது. அவ்வளவு விரைவில் நிகழும் ஒவ்வொரு பற்றுதலும் இவ்வெண்களின் ஆணைப்படியே நிகழ்கின்றது என்பதை நினைக்க, ஓர் எண் பிழைப்பினும் விளையக்கூடிய கேடு எத்தகையது என்பது புலனாகும்.

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். சாதாரண ஓட்டத்தில் கணினி இவ்விகிதத்தையே காத்து வரும். ஆனால், டர்போ எஞ்சின் தன் முழு வலிமையோடு உழைக்கும்போது, 11 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்னும் அளவுக்கு மிகுதியாக ஊட்டுவதுண்டு. மிகுந்த பெட்ரோல் எரிவதற்காக அன்று, குளிர்விப்பதற்காகவே ஊட்டப்படுகின்றது. அது ஆவியாகுங்கால் சிலிண்டரினுள்ளே உள்ள வெம்மையைத் தணித்துப் பிஸ்டனைக் காக்கின்றது.

ஆலையில் வண்டியைச் செய்தோர் இவ்வெண்களை எழுதுங்கால், தம் வண்டி யார் கைக்குப் போகும் என்பதை அறியார். பாலைவன வெயிலில் ஓட்டுவோனும், மட்டமான பெட்ரோலை ஊற்றுவோனும், எண்ணெய் மாற்ற மறப்போனும் அதனை வாங்கக்கூடும். புகையைக் குறித்த சட்டங்களுக்கும் அவர்கள் அடங்குதல் வேண்டும். ஆதலின், எஞ்சின் தாங்கக்கூடிய எல்லைக்கு நெடுந்தூரம் இப்பாலேயே நின்றுவிடுகின்றனர். அந்த இடைவெளியே டியூனரின் மூலதனம். அவர் புதிதாக ஒன்றையும் படைப்பதில்லை. ஆலையார் காப்பாக ஒதுக்கி வைத்த நிலத்தின் ஒரு பகுதியை உழுது பயிரிடுகின்றார். டர்போ உள்ள எஞ்சினில் காற்றின் அழுத்தத்தைக் கூட்டலாமாகையால் பயன் நன்கு தெரியும். டர்போ இல்லாத எஞ்சினில் அது சொற்பமே. இதனை முன்னரே அறிந்தோர் வீணாசை கொண்டு பொருளிழவார்.

நாக்கிங் என்னும் பகை

காப்பு நிலத்தை உழும்போது எதிர்ப்படும் பாம்பு ஒன்றுண்டு. அதுவே மெக்கானிக்குகள் நாக்கிங் என்று கூறுவது. ஸ்பார்க் பிளக்கில் எழுந்த தீ ஒழுங்காகப் பரவி வருங்கால், இன்னும் தீ எட்டாத மூலையிலுள்ள காற்றும் பெட்ரோலும் அழுத்தத்தையும் வெம்மையையும் பொறாமல் தாமே ஒருங்கு வெடித்துவிடுதல் உண்டு. அவ்வெடிப்பு சுத்தியலாற் பிஸ்டனை அடிப்பது போன்றது. பொறியை முன்னதாகப் பற்றவைத்தலும், காற்றழுத்தத்தைக் கூட்டுதலும், பெட்ரோலைக் குறைத்தலும் நாக்கிங்கை வரவழைக்கும். அதனைத் தாங்கும் ஆற்றலையே பெட்ரோலின் ஆக்டேன் எண் குறிக்கின்றது.

சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். வண்டி 2002ஆம் ஆண்டு மாதிரியாகவும், அதனினும் விசை மிக்க எஸ்.டி.ஐ. வண்டி 2004ஆம் ஆண்டு மாதிரியாகவும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. எஸ்.டி.ஐ. வண்டி அங்கே 2021ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றுவிட்டது. அத்தனை ஆண்டுகளும் அதில் அமைந்தது 2.5 லிட்டர் அளவுள்ள ஈ.ஜே.257 என்னும் டர்போ எஞ்சின். முதலில் 300 குதிரைத் திறனும், இறுதியில் 310 குதிரைத் திறனும் உடையதாக விற்கப்பட்டது. இவ்வெஞ்சினின் வார்ப்புப் பிஸ்டனில், வளையங்கள் அமரும் வரிப்புகளுக்கு இடைப்பட்ட மெல்லிய கரை, நாக்கிங்கினால் உடைந்துபோதல் அவ்வண்டி வைத்திருப்போரிடையே நன்கறிந்த செய்தி. கரை உடைந்தால் அழுத்தம் கசியும், எண்ணெய் புகையும், எஞ்சினைப் பிரித்தாலன்றித் தீராது. சில நூறு டாலர் கொடுத்து வாங்கிய கருவி, சில ஆயிரம் டாலர் பெறும் எஞ்சினைக் கெடுத்த கதை இவ்வாறே நிகழ்கின்றது.

கருவி செய்யும் நான்கு வேலைகள்

இனி, கருவிக்கு வருவோம். சுபாரு வண்டிக்குப் பெரிதும் வழங்குவது காப் டியூனிங் என்னும் கம்பெனியாரின் ஆக்ஸெஸ்போர்ட். ஃபோர்டு வண்டிகளுக்கு எஸ்.சி.டி. என்னும் பெயருடையதும், டாட்ஜ் முதலியவற்றுக்கு டயாப்ளோஸ்போர்ட் என்பதும் வழங்குகின்றன. பெயரும் வடிவும் வேறாயினும், நல்ல கையடக்கக் கருவி செய்யும் வேலைகள் நான்கே. ஆலையில் எழுதிய மூல மேப்பைக் காத்து வைத்து, வேண்டும்போது திரும்ப எழுதுதல் ஒன்று. புதிய மேப்பை எழுதுதல் இரண்டு. வண்டி ஓடுகையில் எஞ்சினின் நிலையை எண்களாகத் திரையிற் காட்டுதல் மூன்று. அவ்வெண்களைப் பதிந்து வைத்து, பின்னர் ஆராய உதவுதல் நான்கு. வாங்குவோர் பெரும்பாலும் இரண்டாவதற்காகவே வாங்குகின்றனர். எஞ்சினைக் காப்பனவோ மற்றை மூன்றுமாம்.

கையடக்கக் கருவிக்கு மாற்றாக வேறு வழிகளும் உள. மடிக்கணினியையும் இணைப்புக் கம்பியையுங் கொண்டு மேப்பை எழுதலாம். எச்.பி. டியூனர்ஸ் என்பாரின் சாதனம் இவ்வகையினது. சுபாருவுக்கு ராம்ரெய்டர் என்னும் இலவச மென்பொருளும் உண்டு. இவை தாமே கற்றுத் தாமே எழுத விரும்புவோர்க்கு உரியவை. எண் ஒவ்வொன்றையும் திறந்து காட்டுமாகையால், அறியாதான் கையில் அபாயமும் மிகுதி. மற்றொரு வகை, கணினியைத் தொடாமல், அதற்குச் செல்லும் உணர்விகளின் செய்தியை இடைமறித்துத் திரித்துக் கூறும் பெட்டிகள். கழற்றிவிட்டால் வண்டி பழைய நிலைக்கு வருதல் அவற்றின் நன்மை. ஆள்வோனிடத்துப் பொய் கூறியே காரியம் முடித்தல் அவற்றின் இயல்பு. இவையன்றி, இணைப்புவாயிற் செருகிய மாத்திரத்தில் விசை கூடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று சொற்ப விலைக்கு விற்கப்படும் சிறு முளைகளும் உண்டு. விளக்கு மினுக்குவதன்றி வேறொன்றுஞ் செய்யாத போலிகள் அவற்றுள் மலிந்துள்ளன, விலக்கத் தக்கன.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது கேட்கவேண்டியது, வண்டி யாது என்பது. மாதிரிப் பெயர் மட்டும் போதாது. ஆண்டு, எஞ்சின், கியர்ப் பெட்டியின் வகை, எந்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பவற்றையும் அறிதல் வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்காண்டு கணினி மாறும்; ஒன்றுக்கென விற்ற கருவி மற்றொன்றோடு பேசாது. சில வண்டிகளின் கணினியை ஆலையாரே பூட்டி வைத்துள்ளனர். டாட்ஜ், கிரைஸ்லர் வண்டிகளில் 2015ஆம் ஆண்டு மாதிரி தொடங்கி, பூட்டுத் திறந்த கணினியைத் தனியே பெற்றாலன்றிக் கருவி பயன்படுவதில்லை. அச்செலவையுங் கூட்டியே விலையைக் கணித்தல் வேண்டும்.

இரண்டாவது, அன்றாடம் கிடைக்கும் பெட்ரோல் யாது என்பது. அமெரிக்காவில் உயர்தரப் பெட்ரோல் சில மாகாணங்களில் 93 ஆக்டேன், சிலவற்றில் 91. கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா ஆகிய மூன்று மாகாணங்களின் 91 ஆக்டேன் பெட்ரோலுக்கென்றே தனி மேப்புகளைக் காப் கம்பெனியார் வகுத்துள்ளனர் என்பதிலிருந்தே இதன் முதன்மை விளங்கும். 93க்கு எழுதிய மேப்பை 91 ஊற்றிய வண்டியில் இடுதல், பெரியவன் சுமையைச் சிறுவன் தலையில் ஏற்றுவதாகும். எத்தனால் மிகுந்த ஈ85 எரிபொருள் நாக்கிங்கை நன்கு தாங்குமாயினும், பெட்ரோலினும் ஏறக்குறைய 30 சதவீதம் மிகுதியாக ஊட்டப்படவேண்டும். இன்ஜெக்டரும் பம்பும் அதற்கு ஈடுகொடுத்தல் வேண்டும். அன்றியும், ஈ85 என்று விற்கப்படுவதில் எத்தனாலின் அளவு பருவந்தோறும் 51 முதல் 83 சதவீதம் வரை மாறும். ஆகவே அளவை உணரும் உணர்வியும், அதற்கேற்ப மாறும் மேப்பும் இன்றி அதனை நாடுதல் தகாது.

மூன்றாவது, வண்டியில் முன்னரே மாற்றப்பட்ட உறுப்புகள் யாவை என்பது. ஆலையிலிருந்து வந்தபடியே உள்ள வண்டிக்கு எழுதியதை முதற்படி மேப் என்பர். புகைக்குழாய் முதலியன மாற்றிய வண்டிக்கு எழுதியது இரண்டாம் படி. படி உயர்தல் பெருமையன்று. உறுப்புக்கும் மேப்புக்கும் உள்ள பொருத்தமே அங்குக் கூறப்படுவது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரத்தில், ஒருவர் 2015ஆம் ஆண்டு எஸ்.டி.ஐ. வண்டியொன்றைப் பழையதாக வாங்குகின்றார் என்று கொள்க. பழைய சொந்தக்காரர் காற்றிழு குழாயை மாற்றிப் பெரிய குழாயொன்றைப் பொருத்தியிருந்தார். இவர் அதனைக் கவனித்திலர். கருவியை வாங்கி, முதற்படி மேப்பை எழுதி, மகிழ்ச்சியோடு ஓட்டலானார். நிகழ்வது யாது? குழாய் அகன்றமையால், காற்றளவியைக் கடந்து செல்லும் காற்றின் வேகம் குறைகின்றது. உள்ளே புகும் காற்று மிகுதியாயிருக்கவும், குறைவென்றே அளவி கூறுகின்றது. கணினி அதனை நம்பிப் பெட்ரோலைக் குறைத்து ஊட்டுகின்றது. மெல்ல ஓட்டும்போது ஆக்ஸிஜன் உணர்வி பிழையைக் கண்டு திருத்திவிடுமாகையால், குற்றம் வெளிப்படாது. மலைச் சாலையில் முழு விசையையும் வேண்டி மிதிக்கும்போதோ, அத்திருத்தம் முற்றும் கைகொடுக்கும் என்று நம்ப இயலாது. உயர்ந்த இடத்தில் காற்று மெலிந்திருத்தலால், டர்போவும் மிகையாகச் சுழன்று காற்றைச் சூடாக்குகின்றது. நாக்கிங் தோன்றுதற்கு வேண்டிய யாவும் ஒருங்கு கூடின.

ஆனால் அவர் கையிலுள்ள கருவியே அவரை எச்சரிக்கவும் வல்லது. அதன் திரையில், பெட்ரோல் திருத்தம் என்னும் எண் ஒரே திசையில் நெடிது சென்று நிற்பதைக் காணலாம். நாக்கிங் கேட்ட கணத்தில் பொறியைப் பின்தள்ளிய பாகைகளைக் காணலாம். சுபாரு கணினி, எஞ்சினின் நலத்தைக் குறித்துத் தான் கொண்ட நம்பிக்கையையே ஓர் எண்ணாகக் காட்டும், டி.ஏ.எம். என்று அதற்குப் பெயர். டியூன் செய்த வண்டி நலமாயின் அது 1 என்று நிற்கும். நாக்கிங் மிகுந்தால் குறையும். இம்மூன்றையும் அறிந்து நோக்குவோன், ஒரு வாரத்துள் பிழையை உணர்ந்து, மூல மேப்பைத் திரும்ப எழுதி, குழாயையும் ஆராய்ந்து, எஞ்சினைக் காத்துக்கொள்வான். அறியாதவனுக்கோ, பிஸ்டன் உடைந்த பின் எழும் நீலப்புகையே முதற் செய்தியாகும். இருவர் கையிலும் இருந்தது ஒரே கருவி என்பதை நினைவிற் கொள்க.

நான்காவது, மேப்பை எழுதுவோர் யார் என்பது. கருவியோடு வரும் பொது மேப், மாற்றமில்லாத வண்டிக்குப் பெரும்பாலும் போதியது. பலர் வண்டிக்கும் பொருந்தவேண்டி ஓரளவு அடக்கமாகவே எழுதப்படுவது. தம் வண்டிக்கென்று தனியே எழுதுவிக்க விரும்புவோர்க்கு இரு வழிகள் உள. வண்டியைப் பதிவு செய்து அனுப்ப, தொலைவிலுள்ள டியூனர் அதனைப் பார்த்து மேப்பைத் திருத்தித் திருத்தி அனுப்புதல் ஒரு வழி. டைனமோமீட்டர் என்னும் உருளைப் பொறியின்மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி, டியூனர் அருகிருந்தே எழுதுதல் மற்றொரு வழி. எவ்வழியாயினும், ஒவ்வொரு டியூனரும் தமக்குப் பழக்கமான கருவியின் வாயிலாகவே எழுதுவர். ஆகையால், முன்னர் நம்பத்தக்க டியூனரைத் தேடி, அவர் கையாளுங் கருவி யாதென வினவி, அதனையே வாங்குதல் அறிவுடைமை. கருவியை முன்னர் வாங்கிப் பின்னர் டியூனரைத் தேடுவோர், மருந்துப் புட்டியை வாங்கிக்கொண்டு வைத்தியரைத் தேடுவாரை ஒப்பர்.

ஐந்தாவது, பழைய கருவியை மலிவாக வாங்குவோர் கவனிக்கவேண்டியது. ஆக்ஸெஸ்போர்ட் போன்றவை ஒரு வண்டியில் நிறுவப்பட்டவுடன் அவ்வண்டியோடு பிணைந்துவிடும். அவ்வண்டியிலேயே மீண்டும் செருகி, மூல மேப்பை எழுதி விடுவித்தாலன்றி, வேறு வண்டிக்குப் பயன்படா. விற்பவன் தன் வண்டியை முன்னரே விற்றுவிட்டானாயின், அக்கருவி பூட்டிய பெட்டியே. விடுவிக்கப்பட்டதா என்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே விலை கொடுத்தல் வேண்டும். அவ்வாறே, பழைய வண்டியை வாங்குவோரும், அதில் எழுதியிருப்பது மூல மேப்பா பிறிதா என்பதை வினவுதல் நலம்.

சட்டமும் பிறர்க்குரிய காற்றும்

ஆறாவதாகக் கூறவேண்டியது சட்டம். பலர் இதனை இறுதியில் நினைக்கின்றனர், சிலர் நினைப்பதேயில்லை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், வண்டியின் புகைக் கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்யும் சாதனங்களை விற்பதையும் பொருத்துவதையும் விலக்குகின்றது. எஸ்.சி.டி. கருவிகளை விற்ற டிரைவ் சிஸ்டம்ஸ் கம்பெனியார் 2018ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்து, தண்டப் பணமும் செலுத்தித் தம் கருவிகளைத் திருத்தியமைக்க இசைந்தனர். காப் கம்பெனியாரும் 2024ஆம் ஆண்டில் 29 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தண்டத்துக்கு உடன்பட்டனர். கலிபோர்னியா மாகாணத்தில் 2021 ஜூலை முதல், புகைச் சோதனையின்போது கணினியில் உள்ள மென்பொருளும் ஆராயப்படுகின்றது. ஆலையாருடையதும் அன்றி, மாகாண அதிகாரிகள் ஒப்புதல் எண் அளித்ததும் அன்றியுள்ள மேப் இருப்பின், வண்டி தேறாது. ஆகவே அவ்வொப்புதல் எண் உண்டா என்று கேட்டறிந்தே கருவியையும் மேப்பையும் தெரிதல் வேண்டும்.

சட்டம் ஒருபுறம் நிற்க. காற்று யாவர்க்கும் பொதுவன்றோ? புகைக்குழாயிலுள்ள நச்சகற்றும் பாகத்தைக் கழற்றி, கணினியின் எச்சரிக்கை விளக்கையும் அவித்துவிட்டு ஓட்டுவோன், தன் களிப்பின் விலையைச் சாலையோரத்துச் சிறுவனின் மூச்சிலிருந்து பெறுகின்றான். நல்ல டியூனர் அதனைக் கழற்றாமலேயே போதிய விசையைத் தரவல்லர். கழற்றினாலன்றி முடியாதென்போர், தம் திறமையின் எல்லையையே கூறுகின்றனர்.

ஆலையாரின் பொறுப்பேற்பைக் குறித்தும் ஒரு சொல். வேறொருவர் சாதனத்தைப் பயன்படுத்திய ஒன்றையே காரணமாகக் காட்டிப் பொறுப்பேற்பு முழுவதையும் மறுத்தல் ஆகாது என்பது அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாக்னுஸன்-மாஸ் சட்டத்தின் கருத்து. ஆனால், அச்சாதனத்தால் விளைந்த சேதத்துக்கு ஆலையார் பொறுப்பல்லர். மூல மேப்பைத் திரும்ப எழுதிவிட்டால் தடயம் மறைந்துபோம் என்று எண்ணுவதும் பேதைமையே. மாற்றி எழுதப்பட்டதைக் கணினிகள் பல குறித்து வைத்துக்கொள்ளும். வோக்ஸ்வாகன் விற்பனையாளர் அத்தகைய வண்டியின் பெயரிலேயே ஒரு குறியிட்டு வைப்பதும் உண்டு. மறைத்து உதவி பெறலாமென்னும் நினைவோடு தொடங்குதலினும், இழப்பைத் தாமே ஏற்கும் துணிவோடு தொடங்குதலே நேர்மையும் நிம்மதியும் ஆம்.

எழுதும் நாளில் செய்யவேண்டுவன

கருவி வந்தபின் கடைப்பிடிக்கவேண்டுவன சில. எழுதும்போது மின்கலத்தின் வலிமை குன்றினால் கணினி பாதி எழுதிய நிலையில் நின்று, வண்டி கிளம்பாமலே போகக்கூடும். ஆதலின், மின்கலத்தைச் சார்ஜரோடு இணைத்து வைத்து, விளக்குகளையும் விசிறியையும் நிறுத்திவிட்டே எழுதுதல் வேண்டும். எழுதுவதற்கு முன் மூல மேப்போடு ஓட்டி ஒரு பதிவு எடுத்துக்கொள்ளுதல் மிக நன்று. நோயாளியின் பழைய உடல்நிலையை அறியாத வைத்தியர் என் செய்வார்? பழைய ஸ்பார்க் பிளக், கசியும் குழாய் முதலிய குறைகளை முன்னரே தீர்த்தல் வேண்டும். நோயுற்ற எஞ்சினுக்கு டியூனிங் மருந்தாகாது. எழுதியபின், கணினியின் புகைச் சோதனைக் குறிப்புகள் அழிந்து மீண்டும் தொடங்குமாகையால், சில நாள் ஓட்டிய பின்னரே வண்டியைச் சோதனைக்குக் கொண்டுசெல்லுதல் தகும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றியபோதும், எஞ்சின் சூடேறிய பின்னர் ஒருமுறை திரையை நோக்குதல் நல்ல பழக்கம்.

இதுகாறும் கூறியவற்றால், எந்தக் கருவி சிறந்தது என்னும் வினாவுக்கு விடை ஒருவாறு புலப்பட்டிருக்கும். வண்டியின் கணினியோடு பழுதறப் பேசுவதும், மூல மேப்பைப் பத்திரமாகக் காப்பதும், எஞ்சினின் நிலையை ஒளிக்காமற் காட்டுவதும், நம்பத்தக்க டியூனர் கையாளுவதும், சட்டத்துக்கு அடங்கியதுமான கருவியே சிறந்தது. இவ்வைந்தும் அமைந்த கருவிகள் இரண்டு இருப்பின், விலை குறைந்ததை வாங்கலாம். இவற்றுள் ஒன்று குறையினும், எத்தனை குதிரைத் திறன் கூடுமென்று விளம்பரங் கூறினும், வாங்காதிருத்தலே மேல்.

வீணையின் பிருடையைத் திருகுதற்குக் கைவலிமை சிறிதே வேண்டும். எப்பொழுது நிறுத்தவேண்டும் என்பதை அறியும் செவியே பெரிதும் வேண்டும். பழைய மெக்கானிக் எஞ்சினின்மேல் காதை வைத்துக் கேட்டறிந்ததை, இக்காலத்துக் கருவி எண்களாகத் திரையிற் காட்டுகின்றது. அவ்வெண்களின் பொருளை அறிந்தவன் கையில் அது செவியாகும். அறியாதவன் கையில் வெறும் முறுக்காணியே. ஆகவே, இத்துறையிற் புகவிரும்பும் இளைஞர், வாங்குதற்கு முன் கற்பாராக. எழுதுதற்கு முன் பதிவாராக. மிதித்தற்கு முன் நோக்குவாராக. அங்ஙனம் செய்வார்க்கு விசையும் கிட்டும், வண்டியும் நிலைக்கும்.